ஆரபிக்குப் பிடிக்கவில்லை

ஆரபி முகம் சுளிப்பது மூக்கில் தொடங்கும். மூக்கின் நுனி கொஞ்சம் மேலே போகும், மேலுதடு ஒரு பக்கமாக ஒதுங்கும், கடைசியில் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். உயர்நிலைப் பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து இந்த முகத்தைப் பார்த்துவருகிறேன். இப்போது எங்கள் இருவருக்கும் நாற்பதை நெருங்கும் வயது. முகம் சுளிப்பதில் அவள் இன்னும் தேறிக்கொண்டேதான் இருக்கிறாள்.

சிங்கப்பூரின் தெம்பனிசில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. கை உடைந்தது, பெட்டி தொலைந்தது, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று சனங்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் படித்து, எது நடந்தது, எது கட்டிய கதை என்று பிரிக்க வேண்டும்.

"பொய் சொல்றது எனக்குப் பிரச்சினை இல்ல முஸ்கான். அதை இவ்ளோ சோம்பேறித்தனமா சொல்றாங்க பாரு, அதுதான் குமட்டுது" என்பாள்.

செங்காங்கில் அம்மா சரோஜினியோடு இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒருவரைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, "அவர் சிரிக்கிறது காமெடி நிகழ்ச்சியில பின்னால ஒட்டுற சிரிப்பு மாதிரி இருக்கு" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அவள் உயிர் மல்யுத்தத்தில் இருந்தது. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்துவரும் உண்மையான விளையாட்டு வீரர்களைச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் இசையும் புகையுமாக வந்து நாற்காலியால் அடித்துக்கொள்ளும் அந்த மல்யுத்தம். பள்ளியில் ஒரு பையன் அவளை அழவைக்கலாமென்று நினைத்து, "அதெல்லாம் ஃபேக். யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க" என்றான். ஆரபி அழவில்லை. "அப்ப அதுக்கு ஒரு ரைட்டர் இருக்காரா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வீரர்கள் மேலிருந்த கோபமெல்லாம் எழுதுகிறவர்கள் மேல் திரும்பிவிட்டது. நாவல், சீரியல், சினிமா என்று எதைத் தொட்டாலும் அப்படித்தான். ஒன்றுவிடாமல் படிப்பாள், பார்ப்பாள், பிறகு வெறுப்பாள்.

"பிள்ளை, உனக்குப் பிடிச்சது ஒண்டாவது இருக்கா?" என்று அவள் அம்மா கேட்பார். "தேடிக்கிட்டுதானேம்மா இருக்கேன்" என்பாள் இவள்.

எங்கள் கடை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பயணப் பெட்டிகளும் போர்வைகளும் விற்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராஞ்சிப் பக்கத்து விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். ஊருக்குப் போகிறவர்கள் பெரிய பெட்டியாகப் பார்ப்பார்கள். போகாதவர்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வை வாங்குவார்கள். வியாழக்கிழமை மாலைகளில் கடை ஈ ஓட்டும். என் கணவர் அன்வர் கீழே கல்லாவில் இருப்பார். நானும் ஆரபியும் மாடியில் சரக்கு அறையில், போர்வைக் கட்டுகளுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு பேசி, அதை வலையொலியாகப் போடுவோம். போர்வைகள் இருப்பதால் எதிரொலி வராது. நிகழ்ச்சிக்கு நான்தான் பெயர் வைத்தேன்: ‘ஆரபிக்குப் பிடிக்கல.’

அவள் பேசுவது இப்படி இருக்கும்:

"ஏணி மேலேருந்து ஒருத்தன தள்ளிவிடறாங்க. மேஜை மேல விழறான். மேஜை ரெண்டா உடையுது. அடுத்த நிமிஷம் எழுந்து ஓடறான். அப்ப எதுக்குடா அந்த மேஜை? யாரோ ஒரு தச்சன் உக்காந்து செஞ்சது அது."

நாவல் என்றால் இன்னும் மோசம். "எழுநூறு பக்கம். கதாநாயகி ஜன்னல் வழியா மழையைப் பாக்கறா. பாதிப் புத்தகம் தாண்டியாச்சு, இன்னும் மழையைத்தான் பாக்கறா. சிங்கப்பூர்ல மழை வந்தா முதல்ல ஜன்னலுக்கு வெளிய கம்புல காயற துணிய உள்ள இழுப்பாங்க. எழுதினவர் வீட்டுல துணியே துவைக்க மாட்டாங்களா?"

இருநூறு பேர் கேட்டால் எங்களுக்கு அது பெரிய வாரம்.

சென்ற ஆண்டு ஒருநாள் நேயர் ஒருவர் ஒரு காணொளித் துணுக்கை அனுப்பினார். இங்கேயே, ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை மல்யுத்தம் நடத்தும் ‘ரம்புத்தான் ரெஸ்லிங்’ என்ற சின்னக் குழுவின் துணுக்கு. அவர்களுக்குப் புதிதாக ஒரு வில்லன் கிடைத்திருந்தான். பெயர் ‘பிராட்டா மாஸ்டர்.’ பரோட்டாவை இங்கே பிராட்டா என்போம். கட்டம் போட்ட கைலி, பனியன், தலையில் துண்டு. மேடையில் ஏறியதும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். கூட்டம் சிரித்தது. எதிராளி நெருங்கியபோது இடுப்பிலிருந்து மசாலாப் பொடியை எடுத்து அவன் கண்ணில் தூவினான். எதிராளி கண்ணைக் கசக்கிக்கொண்டு விழ, இவன் அவன் மேல் உட்கார்ந்து ஜெயித்துவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஆரபி அதை மூன்று முறை பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கேவலம். வேற வார்த்தை இல்ல. நம்ம ஆளுன்னா தலைய ஆட்டணும், மசாலா வீசணும். அதத் தவிர ஒண்ணும் தெரியாதா எழுதினவனுக்கு? சரி, அவனுக்குத் தெரியாது. கைலி கட்டிக்கிட்டு ஏறி நிக்கிறியே, உனக்குமா தெரியாது? அவங்க சிரிக்கிறது உன் திறமைக்குன்னா நெனச்சுக்கிட்டு இருக்க? தூ!"

அந்தத் ‘தூ’வைத்தான் யாரோ வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுவிட்டார்கள். எங்களை அதுவரை கேள்விப்பட்டேயிராதவர்கள் எங்களுக்கு ஆதரவாகக் கொதித்தார்கள். அந்த இளைஞனின் பெயர் ஹரிசன் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு காண்டோ அடுக்குமாடியின் உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளன் என்றும் கண்டுபிடித்து, அங்கே புகார் எழுதினார்கள். கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் அவனிடம் சொல்லிவிட்டது.

ஆரபி கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கைபேசியைப் போர்வைக் கட்டின் மேல் குப்புறப் போட்டாள்.

"முழுசாக் கேட்டவன் ஒருத்தன்கூட இல்ல. நான் எழுதினவனத் திட்டினேன். இவனுங்க போய் சம்பளத்துக்கு வேலை பாக்கறவனப் புடிச்சிருக்கானுங்க. அருவருப்பா இருக்கு."

"நீயும்தானே அவனைத் திட்டின" என்றேன். அவள் ஒலிவாங்கியின் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை கீழிருந்து அன்வரின் குரல் வந்தது. "முஸ்கான்! பெரிய ஆள் ஒருத்தர் வந்திருக்கார். பெட்டி வாங்க வந்த மாதிரி தெரியல."

ஹரிசன் படியேறி வந்தபோது அந்த அறையே சுருங்கிவிட்டது போலிருந்தது. முப்பது வயது இருக்கும். அகலமான தோள், ஆனால் குரல் மெல்லியது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் பயந்தேன். அவன் ஒரு போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, கையில் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் பேசினான்.

"அக்கா, நீங்க சொன்னதுல தப்பில்ல. எனக்கும் அந்தப் பொடி பிடிக்காது. என் மூக்குலயும்தான் போகுது. ஆனா மூணு வருஷமா அவங்களுக்குக் கயிறு கட்டினேன், நாற்காலி தூக்கினேன். ரிங்ல ஏற விடல. இத குடுத்தாங்க, எடுத்துக்கிட்டேன். நீங்க கேவலம்னு சொல்லிட்டீங்க. சரி லா. அப்ப நல்லது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஆரபி, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டால் விடிய விடியச் சொல்லக்கூடியவள். நல்லது எது என்று அவளை யாரும் கேட்டதில்லை.

"வக்கீல்" என்றாள் கடைசியில். "கோட்டு போட்டுக்கிட்டு... இல்ல, வேண்டாம். சோழ இளவரசன். சீ! இது அதைவிடக் கேவலம். சித்த வைத்தியர்..." அவள் மூக்கு மேலே போய்விட்டது. தன் யோசனைகளைத் தானே சகிக்க முடியாமல் எழுந்து அறைக்குள் நடந்தாள். பிறகு சட்டென்று நின்று, "உனக்கு என்ன நல்லா வரும்?" என்று கேட்டாள்.

"தூக்கிச் சுத்துவேன்."

"செஞ்சு காட்டு."

அங்கிருந்ததிலேயே பெரிய போர்வைக் கட்டை ஹரிசன் தோளுக்குக் குறுக்கே தூக்கி, நின்ற இடத்திலேயே சுழன்றான். அறையிலிருந்த தூசியெல்லாம் கிளம்பியது. சுழன்ற வேகத்தில் கட்டைத் தரையில் அறைந்தான். கீழே அன்வர், "என்ன உடைஞ்சுது?" என்று கத்தினார்.

ஆரபியின் முகம் அன்று முதல்முறையாகச் சமமாக இருந்தது.

"இதுதானே பிராட்டா போடறது! கைலி இருக்கட்டும். துண்டும் இருக்கட்டும். அதுல என்ன வெட்கம், எத்தனையோ பேர் தினம் கட்டிக்கிட்டு உழைக்கிறாங்க. பொடியத் தூக்கிப் போடு. தலைய ஆட்டாத. சிரிக்காத. காலையில கடையில கூட்டம் நிக்கும்போது பிராட்டா போடறவர் சிரிச்சுக்கிட்டா நிப்பாரு? எதிராளி உனக்கு மாவு. அவ்வளவுதான்."

அந்த மாதக் காட்சிக்கு நாங்கள் இருவரும் போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், வேர்வை நாற்றம், காதைக் கிழிக்கும் இசை. ஆரபி உட்காரும் முன்பே குறைகளைத் தொடங்கிவிட்டாள். ஹரிசன் வந்தான். கூட்டம் வழக்கம்போலச் சிரிக்கத் தயாராக இருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான். எதிராளியைத் தோளில் ஏற்றிச் சுழற்றி அறைந்தான். திரும்பவும் ஏற்றினான். சிரிப்பு மெல்ல அடங்கியது. எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரு மலாய்க்காரர், "கோசோங் சத்து!" என்று கத்தினார். வெறும் பிராட்டா ஒன்று என்று கடையில் சொல்வது போல. ஹரிசன் அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்துவிட்டு, எதிராளியைத் தூக்கிச் சுழற்றி அறைந்தான். அவ்வளவுதான், அரங்கமே பிராட்டா கேட்க ஆரம்பித்துவிட்டது. "தெலோர்!" "கோசோங் டுவா!" முட்டை போட்டது, வெறும் பிராட்டா இரண்டு என்று சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள் எல்லாரும் பசியோடு கத்தினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சுழற்றல்.

என் பக்கத்திலிருந்து, "தெலோர் பாவாங்!" என்று முட்டையும் வெங்காயமும் கேட்டு ஒரு கூச்சல். திரும்பிப் பார்த்தேன். ஆரபி நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "கடைசி அடி கொஞ்சம் லேட்டு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ரம்புத்தான் குழுவை நடத்துகிறவர் டெஸ்மண்ட். பொடியைத் தூக்கிப் போட்டதற்கு அவர் ஹரிசனைத் திட்டியிருப்பார் என்று நினைத்தோம். ஆனால் கூட்டம் கத்தியது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஒரே வாரத்தில் அது அவருடைய யோசனையாக மாறிவிட்டது. இருந்தாலும், யார் சொல்லிக்கொடுத்தது என்று ஹரிசனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆரபிக்கு ஆள் அனுப்பினார். எங்களுக்குக் கதை எழுத வருகிறீர்களா என்றார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் திட்டிக்கொண்டிருந்த எழுத்தாளரின் நாற்காலி அது. அவள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டாள். "துணைக்கு வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ரயிலில் உட்கார்ந்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எந்தக் கதையை எங்கே திருப்புவது என்று அவள் மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

டெஸ்மண்டின் அறையில் ஹரிசன் இருந்தான். புதிதாகச் சேர்ந்த ஜெய் என்ற இளைஞனும் இருந்தான். பகலில் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். டெஸ்மண்ட் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நினைவிலிருந்து தமிழில் சொல்கிறேன்.

"கைலிக்காரன் பிரமாதமாகப் போகிறான். அதனால் அதே வரிசையில் அடுத்தது. ஹெல்மெட் மேன். மஞ்சள் ஹெல்மெட், கட்டுமானக் காலணி. லாரியின் பின்னால் உட்கார்ந்து வருவது போல ஒரு வண்டியில் தள்ளிக்கொண்டு வருவோம். பேச வராது. யார் எதைச் சொன்னாலும் ‘யெஸ் பாஸ்’ என்பான். எல்லாரும் அவனை அடிப்பார்கள். ஒருநாளும் ஜெயிக்க மாட்டான். அதுதான் வேடிக்கை. ஜெய்தான் அந்த வேஷம். முதலில் ஹரிசன் அவனைப் பிராட்டா போடுவான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வை வாங்கும் முகங்கள் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. 

ஆரபி அமைதியாகத்தான் கேட்டாள். "அவன் ஏன் ஜெயிக்க மாட்டான்?"

"அவன் ஹெல்மெட் மேன்" என்றார் டெஸ்மண்ட், அதுவே பதில் என்பது போல.

"எங்க ஆபிசுக்கு இந்த ஆளுங்களோட கேஸ் வரும்" என்றாள் ஆரபி. "நிஜமாவே கீழ விழுந்தவங்க. அவங்க எழுதறது ரெண்டு வரிதான் இருக்கும். அதுல ஒரு பொய்யும் இருக்காது." இதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். பிறகு எழுந்தாள். "எனக்கு இது வேண்டாம். நீங்க எழுதிட்டீங்களே, இதுக்கு மேல நான் எழுத என்ன இருக்கு? இந்த ரூம்ல உக்காந்திருக்கவே கூசுது."

வாசலில் நின்று ஹரிசனைப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

நாங்கள் வெளியேறிய பிறகுதான் மின்தூக்கிக்கு ஓடிவந்து எங்களைப் பிடித்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு அந்த ரிங் வேணும்க்கா."

"வெச்சுக்க" என்றாள் ஆரபி. மின்தூக்கிக் கதவு மூடும்வரை அவனை அதே சுளித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.  அந்த வாரமும் அடுத்த வாரமும் நிகழ்ச்சி பதிவு செய்யவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாளாம், குறைகூடச் சொல்லாமல் பார்க்கிறாளாம் என்று அவள் அம்மா எனக்கு ஃபோன் செய்து கவலைப்பட்டார்.

ஹெல்மெட் மேன் வரும் காட்சிக்கு நாங்கள் போகக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தோம். அன்று மாலை ஆரபி கடைக்கு வந்து நின்றாள். "எவ்வளவு கேவலமா இருக்குன்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

கேவலமாகத்தான் இருந்தது. ஜெயைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். "யெஸ் பாஸ்" என்று அவன் சொல்லும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது. எங்கள் முன்வரிசையில் ஒரு குடும்பம், நம்மவர்கள்தான், அவர்களும் சிரித்தார்கள். ஆரபி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹரிசன் வந்தான். "கோசோங்! கோசோங்!" என்று அரங்கம் அதிர்ந்தது. அவன் ஜெயைத் தோளில் ஏற்றினான். ஒரு சுற்றுச் சுற்றினான். அறையப்போகிறான் என்று எல்லாரும் எழுந்தார்கள். அவன் மெல்லக் குனிந்து ஜெயைக் காலூன்றி நிற்கவைத்தான். கோணலாகப் போயிருந்த ஹெல்மெட்டைச் சரிசெய்தான். பிறகு அவன் முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

ஜெய்க்கு ஒன்றும் புரியவில்லை. டெஸ்மண்ட் மேடை ஓரத்திலிருந்து கையை ஆட்டிக் கத்தினார். ஹரிசன் படுத்தபடியே ஜெயின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். நடுவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, முழங்காலிட்டுத் தரையைத் தட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஹெல்மெட் மேன் ஜெயித்துவிட்டான்.

கைதட்டல் வரவில்லை. "ஏமாத்து!" என்று சிலர் கத்தினார்கள். காசைத் திருப்பிக் கொடு என்றது ஒரு குரல். முன்வரிசைக் குடும்பம், என்ன நடந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. ஹரிசன் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூச்சலுக்கு நடுவே நடந்து போனான். அன்றே அவனைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை ஆரபி ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள்.

"முடிவு சரியில்ல" என்றாள். "படுத்த விதம் செயற்கை. கைய இழுத்தது பின்வரிசை வரைக்கும் தெரிஞ்சுது. ரெண்டு அடி வாங்கிட்டாவது விழுந்திருக்கலாம். பாத்தவங்களுக்குப் புரியவே இல்ல." ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். பிறகு, "என்னால இத விட நல்லா யோசிக்க முடியல. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றாள்.  அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னாள். நான் வெட்டவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஹெல்மெட் மேனை டெஸ்மண்ட் கைவிட்டார். வெட்கப்பட்டு அல்ல, டிக்கெட் போகவில்லை என்று. ஆனால் பிராட்டா மாஸ்டர் இன்னும் இருக்கிறான். இப்போது கைலியைக் கட்டுவது ஜெய். பொடியும் திரும்பி வந்துவிட்டது, தலையாட்டலும்தான். துணுக்கு வந்தபோது ஆரபி பாதியிலேயே நிறுத்திவிட்டு, "வாந்தி வருது" என்று தண்ணீர் கேட்டாள்.

ஹரிசனுக்கு உடற்பயிற்சிக்கூட வேலை திரும்பக் கிடைத்தது. வார இறுதிகளில் எல்லை தாண்டி ஜோகூர் போய் ஒரு சின்னக் குழுவோடு மோதுகிறான். கறுப்புக் காற்சட்டை, சொந்தப் பெயர். பெரும்பாலும் தோற்கிறான். போன மாதம் ஆரபியும் நானும் போய்ப் பார்த்தோம். கடைவீட்டு மாடியில் நாற்பது பேர்கூட இல்லை. மின்விசிறி ஒன்று கடகடவென்று ஓடியது.

திரும்பும்போது சோதனைச் சாவடி வரிசையில் அசையாமல் நின்றோம். ஆரபி ஓயவில்லை. அந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது, நடுவருக்கு எண்ணத் தெரியவில்லை, எதிராளியின் காலணி அசிங்கம், ஹரிசன் விழும்போது இடது தோளைக் காப்பாற்றிக்கொள்வது அப்பட்டமாகத் தெரிகிறது. எனக்குக் கால் வலித்தது.

"அப்ப அடுத்த மாசம் வர வேண்டாம்தானே?" என்று கேட்டேன்.

"ஏன்? அந்தத் தோளை யாராவது அவன்கிட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள் ஆரபி, கடப்பிதழை எடுத்துக்கொண்டே.